பதினோரு எண்பத்தைந்துகள்

அணையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பதினாறு வருடமாக அவள் 'அளவு அக்கா'தான். வேலையும் அதுதான். மண்ணால் கட்டிய அணை எதுவானாலும் கொஞ்சம் கசியும். கசிந்த தண்ணீர் கரையின் அடிவாரத்தில் கல் பதித்த ஓடை ஒன்றில் சேர்ந்து, ஒரு சிமெண்ட் தொட்டிக்குள் வந்து, இரும்புத் தகட்டில் முக்கோணமாக வெட்டிய வாய் வழியாக வெளியே விழும். அந்த வாயில் தண்ணீர் எத்தனை மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறது என்று தினமும் காலை பத்து மணிக்குப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். பிறகு ஒரு கண்ணாடிப் புட்டியில் அதே தண்ணீரைப் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். தெளிவாக இருந்தால் அணைக்கு வியர்க்கிறது, அவ்வளவுதான். கலங்கி இருந்தால் கரை தன் மண்ணையே இழந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். கலங்கி அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. உயரமும் மழைக்காலத்தில் ஒன்றிரண்டு ஏறும், வெயிலில் ஒன்றிரண்டு இறங்கும், மற்றபடி எண்பத்தைந்திலேயே நிற்கும்.

அவள் புருஷன் பேருந்து நடத்துநர். வாய் ஓயாத மனுஷன். "நான் ஆளை எண்ணுறேன், என் வீட்டுக்காரி தண்ணியை எண்ணுறா. எங்க வீட்ல எண்ணாதது எங்க பொண்ணு வாங்குற திட்டு மட்டும்தான்" என்று பேருந்தில் ஏறுகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். மகள் பக்கத்து நகரத்தில் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்தாள். வாரத்துக்கு ஒருமுறை வருவாள். அணைக் குடியிருப்பில் ஆறு வீடுகள் ஒரே வரிசையாக இருந்தன. கரைப் பக்கத்திலிருந்து எண்ணினால் நான்காவது அவர்களுடையது.

ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதே கால் மணிக்கு, அவள் பதிவேட்டையும் தொட்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டு கிளம்பும்போது பணிமனையிலிருந்து போன் வந்தது. வண்டியில் ஏறப்போனவர் படிக்கட்டிலேயே சரிந்துவிட்டார், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம், நேராக அங்கே வாருங்கள் என்றார்கள்.

வாசலில் காவலாளி நின்றிருந்தான். அவனை எல்லோரும் 'ரேடியோ' என்பார்கள். வாயைத் திறந்தால் நிறுத்த பொத்தான் கிடையாது என்பதால் வந்த பெயர். நாற்பது வயதுக்காரன். அவள் விடுப்பு எடுக்கிற நாட்களில் அளவு எடுப்பது அவன்தான். பதிவேட்டையும் சாவியையும் அவன் கையில் கொடுத்தாள்.

"பாத்துக்க."

"நீங்க கிளம்புங்கக்கா. நான் பாத்துக்கறேன். எல்லாத்தையும் பாத்துக்கறேன்."

புதன்கிழமை மதியம் அவர் இறந்துபோனார். வியாழக்கிழமை மாலை வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். அந்த நாட்களில் அவளுக்கு என்ன நினைவிருக்கிறது என்று கேட்டால் பெரிதாக எதுவுமில்லை. ஆஸ்பத்திரி நாற்காலிகளை நாலைந்தாக ஒரே கம்பியில் போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள், யாராவது எழுந்தால் அவள் உட்கார்ந்திருந்ததும் ஆடியது. ஒரு நர்ஸ் அவள் கையில் புருஷனின் கைக்கடிகாரத்தையும் விசில் கோத்த கயிற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தாள். வீட்டில் முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன, போயின. மகள் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். யாரோ 'சாப்பிடு' என்றார்கள், சாப்பிட்டாள். யாரோ 'படு' என்றார்கள், படுத்தாள்.

பதினோரு நாள் விடுப்பு முடிந்து பன்னிரண்டாம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை, வேலைக்கு வந்தாள். இன்னும் ஒரு வாரம் இருக்கலாமே என்று மகள் சொன்னாள்.

"இருந்து?" என்று கேட்டாள்.

பத்து மணிக்குத் தொட்டி மூடியைத் திறந்தாள். அளவுகோலைப் பார்த்தாள். நூற்று நான்கு. தகட்டின் வாயில் இலை ஏதும் சிக்கியிருக்கிறதா என்று கை விட்டுத் துடைத்துவிட்டுப் பார்த்தாள், மாறவில்லை. கால் மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடி பார்த்தாள். நூற்று நான்கு. பதிவேட்டைப் பிரித்தாள். முந்தைய நாள் ரேடியோவின் சாய்ந்த கையெழுத்தில் எண்பத்தைந்து. அதற்கு முந்தைய நாளும் எண்பத்தைந்து. உயரத்தில் பத்தொன்பது மில்லி என்பது பார்வைக்குச் சின்ன விஷயம். ஆனால் அந்த முக்கோண வாயில் அது ஒன்றரை மடங்குக்கும் மேலான தண்ணீர்.

வேறொரு சமயமாக இருந்தால் ஓடியிருப்பாள். அன்றைக்கு ஓடவில்லை. புட்டியில் தண்ணீர் பிடித்துப் பார்த்தாள், தெளிவாக இருந்தது. '104, தெளிவு, மூன்று முறை பார்க்கப்பட்டது' என்று எழுதிவிட்டு, உதவிப் பொறியாளருக்குப் போன் செய்தாள். அவரை எல்லோரும் ஏ.இ. என்பார்கள்.

"தப்பா பாத்திருப்பீங்கம்மா. மனசு சரியில்லாத நேரம்" என்றார் ஏ.இ.

"மூணு தடவை பாத்தேன் சார். வந்து நீங்களும் பாருங்க."

அவர் வந்து பார்த்தார். பார்த்ததும் சட்டைப்பையில் இருந்த பேனாவை எடுத்தார், எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் திரும்ப வைத்தார். அன்று மாலையே மேலதிகாரிகள் வந்தார்கள். நீர்மட்டத்தை இரண்டு மீட்டர் இறக்கச் சொல்லி உத்தரவு வந்தது. குடியிருப்புக்கு வரும் சாலையில் கசிவு நீர் ஓடையைக் கடக்கும் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் வழிந்ததால், அடியில் இன்னொரு குழாய் போட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அளவு எடுக்கச் சொன்னார்கள். அவள் எடுத்தாள். நூற்று நான்கிலிருந்து தொண்ணூற்றெட்டுக்கு இறங்கி அங்கேயே நின்றது. பழைய எண்பத்தைந்துக்கு அது திரும்பவில்லை.

இப்படியே ஒன்பது மாதம் போனது.

அணையைச் சீரமைக்கத் திட்டம் போட வெளியிலிருந்து ஒரு குழு வந்தது. அதற்குத் தலைவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பொறியாளர். அவருக்கு இடது காது கேட்காது. இருபது வருடம் துளை போடும் இயந்திரங்களுக்குப் பக்கத்தில் நின்றதில் போனது என்று அவரே சொல்வார். பேசுகிறவர்களிடம் வலது காதைத் திருப்பிக் காட்டுவார். 'ஒத்தைக்காது சார்' என்று முதல் நாளே பெயர் வைத்துவிட்டார்கள். ஏ.இ. எப்போதும் பார்த்துப் பார்த்து அவருக்கு இடப்பக்கமாகவே உட்காருகிறார் என்று அலுவலகத்தில் கேலி.

குழு அலுவலகத்தின் நீளமேசையில் பதினாறு வருடப் பதிவேடுகளைப் பரப்பி வைத்திருந்தது. மூன்றாம் நாள் அவளைக் கூப்பிட்டனுப்பினார்கள். ரேடியோவும் அங்கே சுவரோரம் நின்றிருந்தான்.

"உக்காருங்கம்மா" என்றார் பொறியாளர். "பதினாறு வருஷத்துல உங்க கையெழுத்து மாறவே இல்ல. படிக்க நல்லா இருந்துச்சு. இந்த இடம் மட்டும்தான் புரியல." ஒரு பக்கத்தைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். சாய்ந்த கையெழுத்தில் வரிசையாகப் பதினோரு எண்பத்தைந்து. அடுத்த வரியில் அவள் எழுதிய நூற்று நான்கு.

"பதினோரு நாள் அசையாம நின்னது ஒரே நாள்ல பத்தொன்பது ஏறுமா?"

"ஏறாது சார்."

"அப்போ?"

ரேடியோ என்று பெயரெடுத்தவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஏ.இ.தான் பொங்கினார்.

"வாயைத் திறடா! போய்ப் பாத்தியா, உக்காந்த இடத்துலயே எழுதினியா? ஆயிரக்கணக்கான பேர் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்…"

பொறியாளர் விரலால் பக்கத்தின் வலது ஓரத்தைத் தட்டினார். ஒவ்வொரு எண்பத்தைந்துக்கு நேராகவும் 'சரிபார்க்கப்பட்டது' என்ற முத்திரையும் அதன் மேல் ஏ.இ.யின் கையெழுத்தும் இருந்தன. ஏ.இ. அதோடு அடங்கிவிட்டார்.

பிறகு அவரே மெதுவாக, "இடையில நிரப்பிடலாம் சார். எண்பத்தஞ்சு, எண்பத்தேழு, எண்பத்தொன்பதுன்னு சீரா ஏத்திட்டா கோடு அழகா வந்துரும்" என்றார். அவர் பொறியாளரின் இடப்பக்கம் உட்கார்ந்திருந்ததால் இரண்டாம் முறையும் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாம் முறை சொல்லும்போது அது அவருக்கே நன்றாகப்படவில்லை போலிருக்கிறது, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

பொறியாளர் அவளுக்கு விளக்கினார். அந்தப் பதினோரு நாளில் இரண்டு காரியங்கள் நடந்திருக்கின்றன. மேலே எங்கோ பெய்த மழையால் ஆறு வந்து, முதல் நான்கு நாளில் நீர்மட்டம் ஒன்றரை மீட்டர் ஏறியிருக்கிறது. ஏழாம் நாள் பாசனத்துக்கு மதகைத் திறந்திருக்கிறார்கள். கசிவு ஏழாம் நாளுக்குப் பிறகு ஏறியிருந்தால் குற்றவாளி மதகுக் குழாய். கரைக்குள்ளே போகும் அந்தப் பழைய குழாய்க்கு உள்பூச்சு பூசினால் போதும். நான்காம் நாள் வாக்கில் ஏறியிருந்தால் குழாய்க்குச் சம்பந்தமில்லை. கரையின் மேல்பகுதியில், இடப்பக்கம் அது குன்றோடு சேரும் இடத்தில் எங்கோ புதிதாக வழி திறந்திருக்கிறது. அது வேறு வைத்தியம்.

"எந்த நாள்னு தெரிஞ்சா எங்க துளை போடணும்னு தெரியும். தெரியலன்னா கரை முழுக்கத் துளை போட்டுத் தேடணும். அதுக்கு ஒரு வருஷம். அந்த ஒரு வருஷம் அது நமக்காகக் காத்திருக்கணும்." பிறகு கேட்டார்: "அந்தப் பதினோரு நாள் நீங்க எங்க இருந்தீங்க?"

"லீவு சார்."

"என்னது?" வலது காதைத் திருப்பினார்.

"லீவுல இருந்தேன். என் வீட்டுக்காரர் இறந்துட்டார்."

அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. ஒன்பது மாதத்தில் அந்த வாக்கியத்தை அவள் சொந்த வாயால் சொன்னது அதுதான் முதல்முறை. அவள் வாய் திறப்பதற்கு முன்பே வேறு யாராவது எல்லோருக்கும் சொல்லிவிட்டிருந்தார்கள். பொறியாளர் தலையை ஆட்டினார். மன்னியுங்கள் என்றோ வருந்துகிறேன் என்றோ சொல்லாமல் பதிவேட்டை மெதுவாக மூடினார்.

அன்று மாலை அவள் காவலாளி அறைக்குப் போனாள். ரேடியோ ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்தினான். அவள் உட்காரவில்லை.

"ஒரு நாள்கூடப் போகலையா?"

"இல்லக்கா."

"ஏன்?"

அவன் அவள் முகத்தை விசித்திரமாகப் பார்த்தான். "உங்க கூடத்தானே இருந்தேன்."

அப்போதுதான் அவளுக்கு ஒவ்வொன்றாக வந்தது. ஆஸ்பத்திரியில் ரத்தம் கேட்டபோது சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போனது இவன். நாற்காலிகளை இறக்கியது, ஏற்றியது, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தது, மகளுக்கு மயக்கம் வந்தபோது பின்வாசல் வழியே டாக்டரைக் கூட்டி வந்தது எல்லாமே இவன். காலையில் கண் விழித்தால் வாசலில் இவன் நின்றிருந்தான். இவனைத் தினமும் பார்த்திருக்கிறாள். இவன் இங்கே நின்றால் அங்கே அளவை யார் எடுக்கிறார்கள் என்று ஒருமுறைகூட, இந்த ஒன்பது மாதத்தில்கூட, அவளுக்குத் தோன்றவில்லை.

"பத்து வருஷமா நானும் பாக்கறேன், அது எண்பத்தஞ்சை விட்டு அசைஞ்சதே இல்லக்கா. சாயந்திரம் வந்து எழுதிட்டுப் போயிருவேன்."

"நாலஞ்சு நாள் சரி. அப்புறமாவது போயிருக்கலாமே?"

"போயிருக்கலாம்." நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "ஆறாம் நாளு பாதி தூரம் போனேன். போய்ப் பாத்து, வேற மாதிரி இருந்துச்சுன்னா முன்னாடி எழுதினதெல்லாம் பொய்னு ஆயிரும்ல. திரும்பி வந்துட்டேன். சும்மா ஒரு நாளு, ரெண்டு நாளுன்னு ஆரம்பிச்சது, அப்புறம் அதை விட்டு வெளிய வரத் தெரியல."

அவளுக்குக் கோபம் வரவில்லை. நன்றி என்று ஒன்று வர வேண்டும் என்று தெரிந்தது, அதுவும் வரவில்லை. "சரி" என்றாள். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். அரிசி களைந்து அடுப்பில் வைத்தாள்.

மறுநாள் பொறியாளர் கசிவு நீர் ஓடையை முழுக்க நடந்து பார்க்க வேண்டும் என்றார். அவள் வழிகாட்டினாள். தொட்டியிலிருந்து தொடங்கி, குடியிருப்பின் பின்புறமாக, ஓடை போகிற போக்கில் நடந்தார்கள். முட்செடிகள் இருக்கும் இடத்தில் அவர் ஒவ்வொரு கல்லையும் காலால் அழுத்திப் பார்த்தார். தரைப்பாலத்துக்கு வந்தார்கள். இப்போது இரண்டு குழாய்கள். தண்ணீர் அடியில் அடக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

"இந்த ரெண்டாவது குழாய் புதுசா இருக்கே?"

"அப்போ போட்டது சார். மேல வழிஞ்சுது."

"எப்போலேர்ந்து வழிஞ்சுது?"

"யாருக்கும் தேதி தெரியல சார். ஒரு வாரம்னு ஒருத்தர் சொல்றார், ஒரு மாசம்னு இன்னொருத்தர்…"

பேசிக்கொண்டே அவள் பாலத்தின் நடுவுக்கு வந்திருந்தாள். அங்கேயே நின்றுவிட்டாள்.

அன்றைக்கு இதே இடத்தில் தண்ணீர் அவள் கால் விரல்களை மூடியிருந்தது. முன்னால் வேன் நின்றிருந்தது. நகரத்திலிருந்து வந்த ஓட்டுநர் பாலத்தின் விளிம்பு தெரியவில்லை, எல்லோரும் இறங்குங்கள் என்று சொல்லியிருந்தான். அவளை இரண்டு பக்கமும் யாரோ பிடித்துக்கொண்டு தண்ணீரில் நடத்திக்கொண்டு போனார்கள். அவள் குனிந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். ஜில்லென்று இருந்தது. நகங்கள் தெளிவாகத் தெரிந்தன.

பதினாறு வருடம் அந்தத் தண்ணீரை அளந்தவள் அதற்குள் நடந்து வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

"என்னம்மா?"

"சார், வியாழக்கிழமை. நாலாம் நாள்."

"என்னது?"

"நாலாம் நாள்!" என்று கத்தினாள். "என் வீட்டுக்காரரைக் கொண்டு வந்த அன்னிக்கு இதுக்கு மேல தண்ணி இருந்துச்சு. நான் இதுல நடந்தேன்."

பொறியாளர் உடனே மகிழ்ந்துவிடவில்லை. குழாயில் குப்பை அடைத்திருந்தால் அளவு ஏறாமலே மேலே வழியுமே என்றார். அதற்கு முந்தைய வாரம்தான் பராமரிப்பு ஆட்கள் ஓடை முழுவதையும் துப்புரவு செய்தார்கள், அதற்குப் பதிவு இருக்கிறது என்றாள். உள்ளூரில் மழை? மழைமானிப் பதிவில் அந்த வாரம் முழுக்கச் சைபர். தண்ணீர் கலங்கியிருந்ததா?

"இல்ல சார். என் கால் நகம் தெரிஞ்சுது."

அவர் மூச்சை விட்டார். "வேற யாராவது பாத்தவங்க இருக்காங்களா? உங்களைச் சந்தேகப்படறேன்னு நினைக்காதீங்க. அந்த நிலைமையில நாள் மாறிப்போகலாம்."

மகளைக் கேட்டாள். மகளுக்கு அன்றைய நாளில் பாலமே நினைவில் இல்லை. "அத்தையைக் கேளும்மா. அவங்க ஷூ நனைஞ்சு போச்சுன்னு ஏதோ சத்தம் போட்டாங்க" என்றாள். அத்தை என்றால் அவள் புருஷனின் தங்கை. அவளோடு கடைசியாகப் பேசியது எட்டு மாதத்துக்கு முன்பு. சண்டை எதுவும் இல்லை. அங்கிருந்து போன் வந்தால் இவள் எடுப்பதில்லை, கொஞ்ச நாளில் போன் வருவதும் நின்றுவிட்டது.

அலுவலக வராந்தாவில் நின்று போன் செய்தாள். கையில் பென்சிலும் காகிதமும் இருந்தன.

"அண்ணியா?" என்றாள் நாத்தனார். "நிஜமாவே அண்ணியா?"

"ஆமா. ஒண்ணு கேக்கணும். உங்கண்ணனைக் கொண்டு வந்த அன்னிக்கு உன் ஷூ நனைஞ்சுதா?"

"எட்டு மாசம் கழிச்சுப் போன் பண்ணி என் ஷூவைப் பத்தியா அண்ணி கேக்கறீங்க?"

"ஆபீஸ்ல தேவைப்படுது."

"எங்கண்ணன் செத்ததா, என் ஷூ நனைஞ்சதா? எது தேவைப்படுது?"

"ஷூ."

நாத்தனார் சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை, இரண்டுமாக ஒரு சத்தம் வந்தது. "நனைஞ்சுது. புதுசு, அதுக்கு முந்தின வாரம்தான் எடுத்தது. வேன்காரன் இறங்கச் சொன்னான். நான் கழட்டக்கூட இல்ல, அப்படியே இறங்கிட்டேன். வீட்டுக்கு வந்ததும் ஷூ போச்சேன்னு கத்தினேன். எல்லாரும் என்னை ஒரு மாதிரி பாத்தாங்க. அண்ணன் படுத்திருக்கார், நான் ஷூவுக்குக் கத்தறேன். எனக்கு எதுக்குக் கத்தறதுன்னு தெரியல அண்ணி, அதுக்குக் கத்தினேன்."

"மணி என்ன இருக்கும்?"

"அஞ்சு, அஞ்சேகால். ஏன்?"

அவள் எழுதிக்கொண்டாள். நாத்தனார் அழுகையை நிறுத்தும் வரை போனைக் காதிலேயே வைத்திருந்தாள். வராந்தா கம்பியில் ஒரு எறும்பு வரிசை போய்க்கொண்டிருந்தது. "வச்சிடாதீங்க" என்று நடுவில் ஒருமுறை நாத்தனார் சொன்னாள். "வைக்கல" என்றாள்.

அவர்கள் சொன்னதை மட்டும் நம்பிப் பொறியாளர் எதையும் முடிவு செய்துவிடவில்லை. ஆனால் துளையை எங்கே தொடங்குவது என்பதற்கு அது போதுமாக இருந்தது. கரையின் இடது தோளில், குன்றோடு சேரும் இடத்தில் ஐந்து துளைகள் போட்டார்கள். மூன்றாவது துளையில் ஊற்றிய தண்ணீர் நிற்கவே இல்லை, ஊற்ற ஊற்றக் குடித்தது. அதில் பச்சைச் சாயத்தைக் கரைத்து விட்டுவிட்டு, அவளைத் தொட்டியருகே உட்காரச் சொன்னார்கள். கால் மணிக்கு ஒரு புட்டி பிடிக்க வேண்டும்.

முதல் நாள் ஒன்றுமில்லை. மறுநாள் காலை பதினொன்றே கால் மணிக்குப் பிடித்த புட்டியைத் தூக்கிப் பார்த்தாள். வெள்ளைக் காகிதத்தின் முன்னால் வைத்துப் பார்த்தாள். அடுத்த புட்டியில் சந்தேகமே இல்லை, இளம்பச்சை. மேட்டில் நின்றிருந்த பொறியாளரைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். அவருக்குக் கத்தினால் கேட்காது என்று தெரியும். அவர் அந்த வயதிலும் படிகளில் இரண்டிரண்டாக இறங்கி வந்தார். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். அவள் புட்டியில் நேரம் எழுதி ஒட்டிவிட்டு அடுத்த காலிப் புட்டியை எடுத்தாள்.

திட்டம் தயாரானது. நீர்மட்டம் இரண்டு வருடம் தாழ்வாகவே இருக்கும், பாசனத்துக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள். இடது தோளில் மேலிருந்து பாறை வரைக்கும் தடுப்புச் சுவர் இறக்க வேண்டும். அடிவாரத்தில் மணலும் சரளையும் பெரிய கல்லும் அடுக்கடுக்காகப் போட்டு அகலமாக ஒரு மேடை கட்ட வேண்டும். தண்ணீர் கசிந்தாலும் மண்ணை இழுத்துக்கொண்டு போகாமல் அது பிடித்துக்கொள்ளும். மேடைக்கு இடம் வேண்டும். அலுவலகக் கூடத்தில் வரைபடத்தைச் சுவரில் மாட்டியபோது, மேடையின் கோடு குடியிருப்பின் ஆறு வீடுகளையும் மூடிக்கொண்டு போனதை எல்லோரும் பார்த்தார்கள்.

"குழாய்க்குப் பூச்சு பூசியிருந்தா நம்ம வீடு தப்பிச்சிருக்குமே" என்றார் மோட்டார் இயக்குபவர். "அளவு அக்கா கால் நனைஞ்சாலும் நனைஞ்சுது, நம்ம தலையில தண்ணி தெளிச்சுட்டாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். கேலிதான், விஷம் இல்லை. அவரே மறுவாரம் அவள் பீரோவைத் தூக்கி வண்டியில் ஏற்ற வந்தார்.

ரேடியோவுக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்து, அளவு பக்கமே போகக்கூடாது என்று மேல் வாசலுக்கு மாற்றினார்கள். விசாரணையில் அவளையும் கேட்டார்கள். "அவன் அந்தப் பதினோரு நாளும் எங்க கூடத்தான் இருந்தான். எழுதினது தப்பு. இருந்தது தப்பில்ல" என்றாள். அதை அப்படியே எழுதிக்கொண்டார்களா என்று அவளுக்குத் தெரியாது. ஏ.இ.க்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. போகிற அன்று ஒவ்வொரு மேசையாக வந்து சொல்லிக்கொண்டார். அவள் மேசைக்கு வந்தபோது மட்டும், "நான் அன்னிக்கு முத்திரை குத்தும்போது ஒரே ஒரு நாள் நடந்து போய்ப் பாத்திருந்தா…" என்று ஆரம்பித்தார். "கார் காத்திட்டிருக்கு சார்" என்றாள்.

சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை வாடகைக்குக் கிடைத்தது. சாமான்களை மகளும் அவளும் இரண்டு நாளில் கட்டினார்கள். புருஷனின் சட்டைகளை என்ன செய்வது என்று மகள் கேட்டாள். "பெட்டியில வை" என்றாள். எந்தப் பெட்டி என்று கேட்டதற்கு "ஏதாவது ஒரு பெட்டி" என்றாள். மகள் அப்பாவின் தொப்பியை மட்டும் தன் பையில் வைத்துக்கொண்டதை அவள் பார்த்தாள், பார்க்காதது போல இருந்துவிட்டாள்.

வீடுகளை இடித்தது ஒரு புதன்கிழமை. சாப்பாட்டு இடைவேளையில் எல்லோரும் போய் நின்றார்கள். மோட்டார் இயக்குபவரின் மனைவி இருபத்திரண்டு வருடம் அங்கே குடியிருந்தவள், வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இயந்திரம் நான்காவது வீட்டின் முன்னறைச் சுவரைத் தள்ளியபோது உள்ளே மகள் சின்ன வயதில் உயரம் குறித்த பென்சில் கோடுகள் ஒரு நொடி வெயிலில் தெரிந்தன.

"உனக்கு ஒண்ணுமே தோணலையா?" என்று அந்த அம்மாள் கேட்டாள். கொஞ்சம் கோபமாகவே கேட்டாள்.

"தெரியல அக்கா. தோணினா வந்து சொல்றேன்."

இரண்டு மணிக்கு அளவு எடுக்க நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு நடந்தாள். பின்னால் ஐந்தாவது வீடு சரியும் சத்தம் கேட்டது.

சுவர் வேலை முடிய இரண்டு கோடைகள் ஆயின. இப்போது நீர்மட்டம் பழைய உயரத்துக்கு வந்துவிட்டது. கசிவு அறுபத்து மூன்றில் நிற்கிறது. தொட்டியில் தானாகவே அளந்து அனுப்பும் கருவி ஒன்றை வைத்திருக்கிறார்கள். அது சொல்வது சரியா என்று வாரம் ஒருமுறை அவள் போய்க் கண்ணால் பார்த்து எழுதுகிறாள். மற்ற நாட்களில், உள்ளே தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று பார்க்கக் கரையில் புதிதாக இறக்கிய முப்பது குழாய்களுக்கு நாடாவும் கையுமாக ஏறி இறங்குகிறாள். முழங்காலில் வலி வந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாத்தனார் போன் செய்கிறாள். அவளும் எடுக்கிறாள். பெரும்பாலும் நாத்தனார்தான் பேசுவாள். தன் மாமியார் மருந்து சாப்பிட மாட்டேன் என்கிறாள், பக்கத்து வீட்டுக்காரன் நாய் வாங்கியிருக்கிறான், அது மனுஷனைப் பார்த்துக் குரைக்காமல் தன் நிழலைப் பார்த்துக் குரைக்கிறது, இப்படி. போன வாரம் பேச்சின் நடுவில் சட்டென்று, "அண்ணி, நீங்க ஒரு தடவையாவது அழுதீங்களா?" என்று கேட்டாள்.

அவள் யோசித்துப் பார்த்தாள். கீழே கடையில் யாரோ சக்கரத்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இல்ல. இன்னும் இல்ல."

"சரி" என்றாள் நாத்தனார். "முழங்காலுக்கு அந்தத் தைலம் தடவறீங்களா?"

"தடவறேன்."

"ஒத்தடமும் குடுங்க. வெறும் தைலம் போதாது."